குரலை இன்னும் அரை டெசிபல்

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் நாடாவும் கன்சோலும் கொண்ட அனலாகா, கணினியின் டிஜிட்டலா என்பதில்தான் வந்து நிற்கும். ஒருவர் வெதுவெதுப்பு என்பார். இன்னொருவர் ஆழம் என்பார். மூன்றாமவர், கணினியில் கலந்த பாட்டு எப்படி இருக்கிறது என்று காட்ட, உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்துக் காட்டுவார். நான்காமவர் வயதில் இளையவர், ஒலிகளைக் கலக்கும் குமிழ்கள் நிறைந்த மேசையான பெரிய கன்சோல் ஒன்றை வாழ்நாளில் தொட்டிராதவர். அனலாக் கட்சியில் மற்ற மூவரையும்விட உறுதியாக நிற்பவர் அவர்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஸ்டூடியோக்களிலிருந்து கன்சோல் வெளியேறியதற்குக் காரணம் அதன் ஒலி அல்ல, அதன் மறதி. ஒலியை வைத்துச் சண்டை போடும்போது நாம் தவறான மைதானத்தில் நிற்கிறோம். ஆனால் ஒலியைப் பற்றிப் பேசாமல் இந்த இடத்துக்கு வந்து சேர முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மிக்ஸிங் அடிப்படையில் ஒரு கூட்டல். தனித்தனியாகப் பதிவான குரல், டிரம், பேஸ் கிட்டார், வயலின் எல்லாவற்றையும் இடம், வலம் என்ற இரண்டே வழிகளுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கணினியில் இது நிஜமாகவே எண்களின் கூட்டல். நொடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ, தனித்தனியாகப் பதிவான ஒவ்வொரு ட்ராக்கிலிருந்தும் ஓர் எண்ணை (சாம்பிளை) எடுக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்பிடியான ஃபேடர் சொல்லும் அளவால் பெருக்குகிறது. எல்லாவற்றையும் கூட்டி எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகிறது. இன்றைய மென்பொருள்கள் இந்தக் கணக்கை 32 பிட் அல்லது 64 பிட் மிதவைப்புள்ளி எண்களில் செய்கின்றன. 32 பிட்டிலேயே ஒரு கூட்டலில் நேரும் பிசகு, ஒலியின் அளவைவிட ஏறத்தாழ 144 டெசிபல் கீழே கிடக்கும். காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஓசைக்கும் காது வலிக்கும் பேரோசைக்கும் நடுவே உள்ள தூரமே 120, 130 டெசிபல்தான். ஆகவே கணினி சரியாகக் கூட்டுவதில்லை என்ற வாதத்துக்கு இடமே இல்லை. அது கூட்டலைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை என்று வேண்டுமானால் குறை சொல்லலாம்.

இதை ஒப்புக்கொள்ளாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கன்சோலை விடுங்கள், ஒரு மென்பொருளுக்கும் இன்னொரு மென்பொருளுக்குமே கூட்டலில் வித்தியாசம் கேட்கிறது என்பார். ஒரே பாட்டின் ட்ராக்குகளை இரண்டு மென்பொருள்களிலும் போட்டு, ஃபேடர்களை எல்லாம் பூஜ்யத்தில், அதாவது கூட்டலும் குறைத்தலும் இல்லாத இடத்தில் வைத்து, இரண்டு கலவைகளை எடுத்து வந்தார். “இரண்டாவதில் பாடகர் முன்னால் வந்து நிற்கிறார், கேட்டுப் பாருங்கள்” என்றார். கேட்டேன். பாடகர் உண்மையிலேயே முன்னால் நின்றார்.

இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்க்க எங்கள் தொழிலில் ஓர் எளிய வழி இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் ஒரு சாம்பிள்கூட முன்பின் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் துருவத்தை மட்டும், அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்படி, தலைகீழாகத் திருப்பி, சேர்த்து ஒலிக்கவிட வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு முழு அமைதி வரும். வேறுபாடு இருந்தால் அந்த வேறுபாடு மட்டும் ஒலிக்கும்.

நண்பரின் கோப்புகளில் வேறுபாடு ஒலித்தது. அடுத்த அறையில் யாரோ பாட்டை மெதுவாக வைத்துக் கேட்பதைப் போல, முழுப் பாட்டைவிட 25 டெசிபல் அளவு கீழே. பாடகர் கேட்டார், பேஸ் கேட்டது, டிரம்மின் உதை கேட்டது. இரு ஓரங்களிலும் இருந்த கிட்டார்கள் மட்டும் அடியோடு காணாமல் போயிருந்தன. அதைக் கேட்டதும் எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. நடுவில் வைக்கும் ஒலி இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒலிப்பதால் அளவில் ஏறிவிடும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு மென்பொருளும் நடு ஒலியைக் கொஞ்சம் இறக்குகிறது. ஒன்று 3 டெசிபல் இறக்குகிறது, இன்னொன்று 2.5. முழுக்க இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிய ஒலியை இரண்டுமே தொடுவதில்லை. அதனால்தான் ஓரத்துக் கிட்டார்கள் துல்லியமாக அழிந்தன. நடுவில் இருந்தவை மட்டும் மிஞ்சின. அந்த அமைப்பை ஒரே மாதிரி மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டினோம். மீட்டர் அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

நண்பரின் காதில் பிழை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரல் அரை டெசிபல் ஏறியிருந்தது. அவர் அதைக் கேட்டார். அரை டெசிபல் ஏறிய ஒலி நமக்கு உரத்த ஒலியாகத் தெரிவதில்லை, மேலான ஒலியாகத் தெரிகிறது. தெளிவு, நெருக்கம், உயிர் என்று அதற்குப் பெயர் வைக்கிறோம். அளவைச் சமப்படுத்தாமல் நடத்தப்பட்ட அனலாக், டிஜிட்டல் ஒப்பீடு எதையும் நான் காது கொடுத்துக் கேட்பதில்லை. சமப்படுத்தினோம் என்பவர்களிடமும் மீட்டரை வைத்தா, மனத்தாலா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டிஜிட்டல் ஒலி படிக்கட்டு போன்றது, அனலாக் ஒலி வழுவழுப்பான வளைவு என்று ஒரு படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் தவறு. சாம்பிள்கள் படிகள் அல்ல, புள்ளிகள். அந்தப் புள்ளிகள் வழியாக, சாம்பிள் வேகத்தின் பாதிக்குட்பட்ட அதிர்வெண்களால் ஆன வளைவு ஒன்றே ஒன்றுதான் போக முடியும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் கருவியின் வடிகட்டி அந்த ஒன்றைத்தான் வரைந்து வெளியே அனுப்புகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற விசித்திர எண் பிறந்த கதைகூட வேடிக்கையானது: ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் எழுதினார்கள்; ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், ஒரு புலத்துக்கு (பாதிப் படத்துக்கு) 245 கோடு, நொடிக்கு 60 புலம் என்று பெருக்கினால் 44,100 வரும். தொலைக்காட்சியின் கணக்கு குறுந்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒலியை எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்குவது காதுக்குத் தெரிகிறதா என்று மெய்யர், மோரன் என்ற இருவர் சோதித்து 2007-இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலிவட்டின் ஒலியை நேரடியாகவும், நடுவே சாதாரண 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாற்றியைச் செருகியும் மறைவாக ஒலிக்கவிட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். இதைவிட எனக்குப் பிடித்தது 2022-இல் வெடித்த மொபைல் ஃபிடெலிட்டி விவகாரம். அசல் நாடாவிலிருந்து வெட்டிய வினைல் தட்டுகள் என்று அனலாக் ரசிகர்கள் கொண்டாடிய நிறுவனம் அது. பல வருடங்களாகவே நடுவில் ஒரு டிஜிட்டல் பிரதியை வைத்துத்தான் தட்டுகளைத் தயாரித்துவந்திருக்கிறது என்பது அந்த வருடம் தெரியவந்தது. டிஜிட்டலைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டவர்களின் அலமாரிகளில் அந்தத் தட்டுகள் அத்தனை காலமும் பெருமையோடு நின்றிருந்தன.

அப்படியென்றால் அனலாக்கில் ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. அது உண்மையைக் கூடுதலாகக் காட்டுவதில் இல்லை, அளவோடு பொய் சொல்வதில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த நிலையில் அது 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. சுத்தமாகப் பதிவான, மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) அதிகம் இல்லாத பேஸ் அங்கே காணாமல்போகும். அதே பேஸை இரும்புக் கரு உள்ள ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கொஞ்சம் அழுத்தி அனுப்பினால், தாழ்ந்த அதிர்வெண்களில் அந்தக் கரு திணறுகிறது. அலையின் உச்சிகள் மழுங்குகின்றன. அந்த மழுங்கலில் 82, 123, 165 ஹெர்ட்ஸ் என்று மேற்சுரங்கள் முளைக்கின்றன. அவற்றைச் சின்ன ஸ்பீக்கராலும் ஓரளவு எழுப்ப முடியும். அவற்றைக் கேட்ட மூளை, இல்லாத 41-ஐத் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. வெதுவெதுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்: குறைபாடு, ஆனால் காதுக்கு உதவும் குறைபாடு.

நாடாவும் இதே வேலையை வேறு விதத்தில் செய்கிறது. டிரம்மின் கூர்மையான அடி நாடாவின் காந்தத் துகள்களால் தாங்க முடியாத அளவுக்கு வரும்போது, அது டிஜிட்டலைப் போல ஒரே வெட்டாக வெட்டுவதில்லை. மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. நாடாவின் அதிகபட்ச அளவு என்பதற்கு உற்பத்தியாளர்கள் வைத்திருந்த வரையறையே, மூன்றாம் மேற்சுரம் 3 சதவீதத்தை எட்டும் இடம் என்பதுதான். அதாவது கெடத் தொடங்கும் இடம் ஒரு கோடு அல்ல, ஒரு சரிவு. அந்தச் சரிவில் எவ்வளவு தூரம் இறங்கி நிற்கலாம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் நல்ல பொறியாளரின் கைத்திறனாக இருந்தது. போதாததற்கு நாடாவின் சீறல் உண்டு. பக்கத்து ட்ராக்கின் ஒலி இந்த ட்ராக்கில் கசிவது உண்டு. ஒரே அளவு சீறல் உள்ள 24 ட்ராக்குகளைச் சேர்த்தால் சீறல் மட்டும் கிட்டத்தட்ட 14 டெசிபல் ஏறிவிடும். இதையும் அழகு என்று பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்தச் சீறலோடு ஒரு மெல்லிய வீணைப் பதிவைக் காப்பாற்றப் போராடியவர்கள் அல்ல என்று நினைக்கிறேன்.

இந்தப் பொய்களைக் கணினியில் செய்துகாட்டும் பிளக்-இன்கள், அதாவது ஒலி மென்பொருளில் செருகும் சிறு நிரல்கள், இன்று ஏராளம். அவற்றில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அனலாக் கருவியில் 9 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மழுக்கினால் அதன் மூன்றாம் மேற்சுரம் 27 கிலோஹெர்ட்ஸில் முளைக்கும். நமக்குக் கேட்காது, போய்விடும். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கணினியில் 22.05-க்கு மேல் இடமே இல்லை. போக இடமில்லாத அந்த 27, மடங்கித் திரும்பி 17.1 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும். 9-க்கும் 17.1-க்கும் இசை உறவு எதுவும் கிடையாது. இப்படி நூறு மேற்சுரங்கள் தப்பான இடங்களில் விழும்போது வரும் கரகரப்பைத்தான் ஆரம்பகால பிளக்-இன்களில் ‘டிஜிட்டல் ஒலி’ என்று பலர் வெறுத்தார்கள். வெறுத்ததில் நியாயம் இருந்தது. இன்றைய நல்ல பிளக்-இன்கள் உள்ளுக்குள் நான்கு மடங்கு, எட்டு மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு, மேலே போனதை வடிகட்டிவிட்டுத் திரும்புகின்றன. கணினி அதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். வேறு குறை இல்லை. இவற்றில் பலவற்றுக்குள் அனலாக் மீட்டரின் பூஜ்யம் டிஜிட்டல் அளவில் உச்சியிலிருந்து 18 டெசிபல் கீழே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தொடும் அளவுக்கு ஒலியை ஏற்றி அனுப்பிவிட்டு, பிளக்-இன் கரகரக்கிறது என்று புகார் சொல்லக்கூடாது.

நீவ் நிறுவனத்தின் கன்சோலில் பெயர் வாங்கிய கலவைப் பொறியாளர் ஆண்ட்ரூ ஷெப்ஸ் இப்போது முழுக்கக் கணினியில்தான் கலக்கிறார். இன்னொரு பொறியாளரான சாட் பிளேக்கும் அப்படித்தான். உலகின் மிகக் கூரிய காதுகளில் சில ஒலியில் எதையும் இழக்காமல் இடம் மாறிவிட்டன என்றால், அந்தச் சண்டை அங்கே முடிந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மறுபக்கத்தில், கடைசிவரை நாடாவிலேயே பதிவு செய்த பொறியாளர் ஸ்டீவ் ஆல்பினி 2024-இல் காலமானார். அவர் நாடாவை விடாததற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, நாடா நீண்ட காலம் நிலைத்திருக்கும் என்பது. அது ஒலியைப் பற்றிய வாதமே அல்ல என்பதைக் கவனியுங்கள். அந்த வாதத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

இப்போது மறதிக்கு வருவோம். மேலே சொன்ன துருவச் சோதனையை அனலாக் கலவையில் செய்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: அனலாக் கலவை தன்னோடு தானே ஒத்துப்போகாது. எதையும் தொடாமல் அதே பாட்டை இரண்டு முறை ஓட்டி எடுத்தாலும் சோதனையில் அமைதி வராது. நாடா நடுவில் இருந்தால் அதன் வேகம் ஒவ்வொரு தடவையும் நூலிழை அளவு தள்ளாடும். நாடா இல்லாவிட்டாலும் சீறல் ஒரு தடவை போல மறுதடவை இருக்காது. ஒரு நாள் கழித்துக் குமிழ்களைத் திரும்ப அமைத்து ஓட்டினால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ஆகவே ‘அனலாக் ஒலி’ என்று ஒன்று கிடையாது. அன்றைய தினம், அந்த மணிக்கு, அந்தக் கன்சோலில் வந்த ஒலி என்றுதான் உண்டு.

இதை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஃபேடர்கள் தானாக நகரும் வசதி வருமுன் கலவை என்பது ஒரு நிகழ்ச்சி. இரண்டு அங்குல அகல நாடாவில் 24 ட்ராக் ஓடும். கன்சோலின் முன்னால் ஃபேடர்களை ஒட்டி ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் பட்டை. அதில் மெழுகுப் பென்சிலால் ட்ராக்கின் பெயர். ஒவ்வொரு ஃபேடரின் ஓரத்திலும் சின்னச் சின்னக் கோடுகள்: இது முதல் சரணத்துக்கு, இது இரண்டாவதுக்கு. பொறியாளரின் இரண்டு கைகள் போதாது. உதவியாளர் ஒருபுறம், இசைக்கலைஞர் மறுபுறம், சில சமயம் அறைக்குள் சும்மா நின்ற ஒருவர்கூட இழுக்கப்படுவார். “நான் தலையசைத்ததும் இந்த எதிரொலிக் குமிழை அந்தக் கோடு வரை திருப்பு, வேறெதையும் தொடாதே”. பாட்டு ஓடும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கள் தங்கள் குறிகளுக்குக் காத்திருப்பார்கள். மூன்றாவது சரணத்தில் ஒருவர் கை தவறும். நாடாவைச் சுற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அல்லது நன்றாக வந்த முதல் பாதியை ஒரு ஓட்டத்திலிருந்தும், பின் பாதியை இன்னொரு ஓட்டத்திலிருந்தும் எடுத்து, அலுமினியக் கட்டையின் சாய்ந்த பள்ளத்தில் நாடாவை வைத்து பிளேடால் வெட்டி ஒட்டுவார்கள். பிடித்தமான ஓட்டம் கிடைத்ததும் கலவை முடிந்தது. அடுத்த பாட்டுக்காக எல்லாக் குமிழ்களும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அத்துடன் அந்தக் கலவை உலகத்திலிருந்து போய்விடும்; மிஞ்சுவது கால் அங்குல நாடாவில் உள்ள இரண்டு ட்ராக் மட்டுமே.

மறுநாள் காலையில் தொலைபேசி ஒலிக்கும். பாட்டு பிரமாதம், எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு விஷயம்தான்: குரலை இன்னும் அரை டெசிபல் ஏற்ற முடியுமா?

கன்சோல் தயாரித்த நிறுவனங்கள் அந்தத் தொலைபேசி அழைப்பைத் தீர்க்கத்தான் பல வருடங்கள் உழைத்தன. 1970களின் பிற்பாதியில் நீவ் நிறுவனம் நெக்காம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது; ஃபேடர்கள் மோட்டாரால் தாமாகவே நகர்ந்தன. அதோடு கைகளின் கூட்டம் கலைந்தது. ஆனால் ஃபேடர் தவிர மற்றவை அப்படியே கிடந்தன. 1980களில் சாலிட் ஸ்டேட் லாஜிக் தன் 4000 வரிசைக் கன்சோல்களில் கொடுத்த வசதி இன்னும் ஒரு படி மேல்: ஒவ்வொரு குமிழும் எந்த நிலையில் இருந்தது என்பதை ஒரு கணினி நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் நினைவில் வைத்துக்கொண்டதே தவிர, அதுவாகத் திருப்பாது. திரையில் படம் காட்டும். அதைப் பார்த்து உதவியாளர் கையால் திருப்ப வேண்டும். ஒரு சேனலுக்கு நாற்பது குமிழ்களும் பொத்தான்களும் என்று வைத்தாலே, 48 சேனல் கன்சோலில் இரண்டாயிரத்தை நெருங்கிவிடும். வெளியே அடுக்கியிருக்கும், உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர்கள், எதிரொலிக் கருவிகள், எது எங்கே செருகப்பட்டிருந்தது என்ற விவரம் எல்லாம் காகிதத்தில். அரை டெசிபல் குரலுக்காக அரை நாள் போகும். போன பிறகும் ஒலி முந்தைய நாள் போல இருக்காது; “ஏதோ ஒன்று குறைகிறது, முந்தையதே நன்றாக இருந்தது” என்ற பதில் வரும்.

கணினி இந்த இடத்தில்தான் ஜெயித்தது. கோப்பைத் திறந்தால் நேற்று விட்ட இடத்தில் எல்லாம் நிற்கிறது, கடைசி இலக்கம் வரை. குரலை அரை டெசிபல் ஏற்றி அனுப்ப ஐந்து நிமிடம். ப்ரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருள் 1991-இல் நான்கு ட்ராக்குகளோடு வந்தபோது ஒலியில் அது எந்தக் கன்சோலுக்கும் ஈடாக இருக்கவில்லை. ஒலி பிறகு வந்து சேர்ந்துகொண்டது. நினைவாற்றல் முதலிலேயே இருந்தது. பதிவுக்கான பணம் சுருங்கி, ஒரே பொறியாளர் ஒரே வாரத்தில் நாலைந்து வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய நிலை வந்ததும், பல கிலோவாட் மின்சாரத்தைக் குடித்து அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்த அந்த அழகான மரச்சட்டப் பெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. அந்தப் பெட்டியின் முன் உட்காரும் சுகமே தனி, அதை மறுக்க மாட்டேன்.

எதையும் மறக்காத கருவி வந்ததும் வேலையின் குணமும் மாறியது. இதில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. முன்பு திருத்தம் கேட்க ஒரு துணிவு வேண்டியிருந்தது. கேட்பதற்கு விலை இருந்தது. இன்று விலை இல்லை. அதனால் அரை டெசிபல் குரலுக்குப் பிறகு கால் டெசிபல் வயலின், அதற்குப் பிறகு “குரலை முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுபோய்விடலாமா”. ஒரே பாட்டுக்கு இருபது, முப்பது வடிவங்கள் கிடக்கின்றன. எது முடிந்த பாட்டு என்று பாடகருக்கே தெரியாது. நான் இப்போது மூன்று திருத்தங்களுக்கு மேல் கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த பணத்தைவிட, வராமல்போன திருத்தங்களால் எனக்குக் கிடைத்த நிம்மதி அதிகம்.

இன்னொரு மாற்றம் கண்ணில் நடந்தது. கன்சோலில் குரலின் கூர்மையைக் குறைக்க ஒரு குமிழைத் திருப்பும்போது, எதிரே பார்க்க எதுவும் கிடையாது; ஸ்பீக்கர் மட்டுமே. கணினியில் அதே வேலைக்கு ஒரு வளைவு கோடாக வரையப்படுகிறது, பின்னணியில் ஒலியின் அலைக்கூட்டம் வண்ணத்தில் துள்ளுகிறது. கண் உடனே நீதிபதியாகிவிடும். 6 டெசிபல் ஏற்றம் திரையில் மலைபோல் தெரிவதால் கை தயங்கி 3-இல் நின்றுவிடுகிறது. காது 6 கேட்டிருக்கும். அழகான சமச்சீர் வளைவு வந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது. ஆரம்பநிலையில் இருப்பவர்களின் கலவைகளை நான் கேட்கும்போது, ஒவ்வொரு ட்ராக்கிலும் அதே 300 ஹெர்ட்ஸ் பள்ளம் தோண்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். காது சொல்லித் தோண்டியதல்ல. எங்கோ பார்த்த படத்தில் அங்கே பள்ளம் இருந்தது.

இதற்கு மருந்து அனலாக் கருவி வாங்குவது அல்ல. அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்களில், குமிழ்களுக்கு எண் மட்டும் காட்டும் பிளக்-இன்கள் இருக்கின்றன. வளைவை மறைக்கும் பொத்தான் சிலவற்றில் உண்டு. நான் திரையை அணைத்துவிட்டு, நகரும் ஃபேடர்கள் எட்டு உள்ள ஒரு சின்னப் பெட்டியின் மேல் கை வைத்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓடவிட்டுக் குரலை மட்டும் ஓட்டுவேன். அந்தப் பெட்டிக்குள் ஒலி போவதே இல்லை. கையின் அசைவை மட்டும் கணினிக்குச் சொல்கிறது. வரிக்கு வரி குரல் மேலும் கீழும் அசைவதைக் கை தானாகச் செய்யும்போது வரும் மூச்சு, சுட்டியால் புள்ளி புள்ளியாக வரைந்தால் வருவதில்லை. இதை அனலாக்கின் மகிமை என்று சொல்ல முடியாது. கையின் மகிமை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

கடைசியாக ஆல்பினியின் வாதம். கணினியின் நினைவு எத்தனை காலத்துக்கு? 2013-இல் ப்ரோ டூல்ஸின் 11-ஆம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியபோது அதுவரை இருந்த பிளக்-இன்கள் அதில் ஓடவில்லை; தயாரித்தவர்கள் புதிய வடிவில் வெளியிட்டால்தான் உண்டு. 2019-இல் ஆப்பிள் தன் கேட்டலினா பதிப்பில் 32 பிட் நிரல்கள் அனைத்தையும் நிறுத்தியது. அந்த வருடங்களுக்கு முன் சேமித்த வேலைகளைத் திறந்தால் ட்ராக்குகள் இருக்கும், ஃபேடர்கள் இருக்கும், நடுவில் பிளக்-இன் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டியும் அதன் பெயரும் மட்டும் இருக்கும். குரலில் அன்று என்ன செய்தோம் என்பது அந்தச் சாம்பல் பெட்டிக்குள் புதைந்துவிட்டது. அரை டெசிபல் ஏற்ற அரை நாள் எடுத்த காலம் போய், எத்தனை நாள் உட்கார்ந்தாலும் ஏற்ற முடியாத காலம் வந்திருக்கிறது.

நாடாவும் சாகாவரம் பெற்றதல்ல. 1970, 80களில் பரவலாகப் பயன்பட்ட ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களின் பிசின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது; ஓடவிட்டால் இயந்திரத்தின் தலையில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். அவற்றை 50 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் பல மணி நேரம் மெதுவாகச் சூடேற்றி, ஈரம் போன சில வாரங்களுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பிரதியெடுத்துக்கொள்கிறார்கள். சிரமம்தான். ஆனால் சிரமப்பட்டால் ஒலி வருகிறது. இயந்திரம் ஒன்று இருந்தால் போதும், யாருடைய உரிமக் குறியீடும் தேவையில்லை.

எனவே இப்போதெல்லாம் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் குரல்கள், டிரம், பேஸ், மற்றவை என்று பிரித்து, பிளக்-இன்களின் விளைவோடு சேர்த்து, எல்லாக் கோப்புகளும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி 24 பிட் சாதாரண ஒலிக்கோப்புகளாக எழுதி வைக்கிறேன். எந்த மென்பொருளிலும் இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தால் பாட்டு திரும்ப வர வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசிக் கட்டத்தில் முழுக் கலவைக்கும் ஒரு கம்ப்ரஸர் போட்டிருந்தால், அது டிரம்மின் உதை விழும்போது குரலையும் சேர்த்து அமுக்கும். குரலை மட்டும் தனியே எழுதும்போது உதை இல்லை, அதனால் அமுக்கமும் இல்லை. துண்டுகளைக் கூட்டினால் முழுப் பாட்டு வராது. ஆகவே அந்தக் கம்ப்ரஸரை நீக்கிவிட்டு ஒரு தொகுப்பு எழுதுகிறேன். பிறகு, எப்போது அமுக்குவது என்பதை அந்தக் கம்ப்ரஸர் முழுக் கலவையைக் கேட்டே முடிவு செய்யும்படி இணைத்து, குரல் தனியே ஓடும்போதும் உதைக்கு ஏற்ப அமுங்கும்படி செய்து இன்னொரு தொகுப்பு. இரண்டாவதைக் கூட்டி, முழுக் கலவையின் துருவத்தைத் திருப்பி எதிரே வைத்து ஓட்டுகிறேன். மீட்டர் உச்சியிலிருந்து எண்பது டெசிபலுக்கும் கீழே இறங்கினால் கோப்புறையை மூடுகிறேன். இறங்காவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஓர் எதிரொலிக் கருவி ஒவ்வொரு ஓட்டத்திலும் தன் இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்து, ஒலியாகவே எழுதி நிறுத்திவிட்டு, மறுபடி ஓட்டுகிறேன்.